செத்தவீட்டுக்கு முன்பே வாருங்கள்: திருகோணமலை மாவட்ட மரண உதவிச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகசபை உறுப்பினர் அனைவருக்கும்,

நானும் உங்களில் ஒருவன்தான். உப்புவெளிப் பக்கத்தில் ஒரு சின்ன மரண உதவிச் சங்கத்தில் 11 வருஷமாகப் பொருளாளராக இருக்கிறேன். களஞ்சிய அறைச் சாவி என் வீட்டுச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. உள்ளே 120 பிளாஸ்ரிக் கதிரை, இரண்டு பெரிய தறப்பாள், பந்தல் குழாய், தேத்தண்ணிக் கிடாரம், ஒரு ஜெனரேற்றர். ராத்திரி எத்தனை மணிக்குத் தொலைபேசி அடித்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் கதிரை அந்த வீட்டு வாசலில் இறங்கிவிடும். மழை வெள்ளத்திலும் இறங்கியிருக்கிறது. இதில் எனக்குப் பெருமை உண்டு. உங்களுக்கும் இருக்கும் என்று தெரியும். ஊரில் பெயர் மட்டும் மாறும்: இங்கே மரண உதவிச் சங்கம், கிண்ணியாவிலும் மூதூரிலும் ஜனாஸா நலன்புரிச் சங்கம், கந்தளாய்ப் பக்கத்துச் சிங்கள ஊர்களில் மரணாதார சமிதி. இந்த மாவட்டத்தில் மூன்று சமூகமும் ஒரேமாதிரிக் கட்டிக் காத்துவரும் விஷயம் என்று கேட்டால், நான் முதலில் இதைத்தான் சொல்லுவேன்.

போன வருஷம் என் அக்கா இறந்தா. கதிரை வர 40 நிமிஷம்கூட ஆகவில்லை. நான் சாவியைத் தேடி எடுக்கவே இல்லை, உபதலைவர் வந்து ஆணியிலிருந்து தானே எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்குப் பின்னேரம் அந்தக் கதிரை ஒன்றில் உட்கார்ந்து ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தல் கட்டுகிற பொடியன்கள், தேத்தண்ணி ஊற்றுகிற பெண்கள், எல்லாரும் எங்கள் ஒழுங்கைக்காரர். ஏழு மாதம் அக்கா படுத்திருந்த அறைக்கும் இவர்களுடைய வீடுகளுக்கும் நடுவில் ஒரு வேலிதான் இருந்தது. அந்த ஏழு மாதமும் எங்கள் வீட்டில் நானும் என் மனைவியும் அக்காவின் மகளும் மட்டும்தான்.

யாரும் கல்நெஞ்சக்காரர் இல்லை. எப்படி வருவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கும் தெரியவில்லை. கடைக்குப் போகிற வழியில் "அக்கா எப்பிடி?" என்று கேட்பார்கள். "பரவாயில்லை" என்பேன். அவ்வளவோடு முடிந்துவிடும். ஒரு சாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். சாவுக்கு முந்தின மாதங்களில் என்ன செய்ய வேண்டும் என்று சங்கத்தில் 11 வருஷம் இருந்த எனக்கே தெரியாமல் போயிற்று. இந்த மடலை எழுத வைத்தது அந்த யோசனைதான்.

அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். பிந்தித்தான் கண்டுபிடித்தோம். வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை, மருந்தேற்றல் எல்லாம் நடந்தது. ராத்திரி ரெயிலில் போய், வாட்டில் நின்று, மறுநாள் ராத்திரி திரும்பி வருவோம். கடைசியாகப் போனபோது, "இனி வீட்டில வைச்சுப் பாருங்கோ" என்று சொன்னார்கள். சொன்னவரின் குரலில் இரக்கம் இருந்தது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் வீட்டில் வைத்து எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு துண்டுச் சீட்டும் பனடோலும் கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

நோ ராத்திரியில்தான் கூடும். மகள் பக்கத்து அறையில் படிக்கிறாள் என்று அக்கா துவாயின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு கிடப்பா. விடிந்து பார்த்தால் துவாயில் பல் அடையாளம் இருக்கும். அதைவிட அவவை வதைத்தது புண்ணின் மணம். யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் எனக்கு முன்னமே ஜன்னலைச் சாத்தச் சொல்லுவா, ஊதுபத்தி கொளுத்தச் சொல்லுவா, பிறகு "நித்திரை எண்டு சொல்லு தம்பி" என்று போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொள்ளுவா. வந்தவர்கள் திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். கொஞ்ச நாளில் வருவதையும் விட்டுவிட்டார்கள். நோயாளியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான்.

நாலாம் மாதம், ஓய்வுபெற்ற தாதி ஒருவர் வந்தா. பின் ஒழுங்கைக்காரரின் உறவு, தற்செயலாகத்தான் வந்தா. போர்வையை மெல்ல விலக்கிப் புண்ணைப் பார்த்தா. மூக்கைச் சுளிக்கவில்லை. கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் கழுவுவது எப்படி, சீலை ஒட்டாமல் கட்டுவது எப்படி என்று என் மனைவியின் கையைப் பிடித்துக் காட்டினா. மெற்றோனிடசோல் குளிசையை வைத்தியரிடம் கேட்டு எழுதுவித்து, தூளாக்கிப் புண்ணில் தூவினால் மணம் குறையும் என்றா. செய்தோம். நாலைந்து நாளில் ஊதுபத்தி தேவைப்படவில்லை. மாதக்கணக்கில் அந்த மனுஷியை உலகத்திலிருந்து ஒதுக்கி வைத்திருந்த பிரச்சினை, மலிவான ஒரு குளிசையில் அடங்கியது. அதை எங்களுக்கு முதலே யாராவது சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

அப்புறம் மோர்பின். அந்தத் தாதிதான் அதையும் கேட்கச் சொன்னா. நாங்கள் பயந்தோம். மோர்பின் கொடுத்தால் ஆள் முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். உங்களில் பலரும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். வைத்தியர் விளக்கமாகச் சொன்னார்: வாயால் குடிக்கிற மோர்பினைச் சிறிய அளவில் தொடங்கி, நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நேரம் தவறாமல் கொடுத்து, நோவுக்கு ஏற்றபடி கூட்டுவார்கள். வைத்தியர் சொன்ன அளவில் நோவுக்குக் குடிக்கிறவர் போதைக்கு அடிமையாவது மிக அரிது. முதல் சில நாள் வயிற்றைப் பிரட்டும், தூக்கம் வரும், பிறகு பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் கட்டாயம் வரும், அதற்கு முதல் நாளிலிருந்தே பேதி மருந்தும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு இதைப் படிப்படியாகக் கொடுக்கும் முறையை 1986இலேயே வெளியிட்டுவிட்டது. அதாவது அக்காவுக்குக் கலியாணம் நடக்க முன்பே.

மோர்பின் தொடங்கி மூன்றாம் நாள் காலையில் அக்கா என்ன கேட்டா தெரியுமா? சீட்டுக் கொப்பி. அவ 12 பெண்களை வைத்துச் சீட்டுப் பிடித்துக்கொண்டிருந்தா. நோய் வந்ததோடு கணக்கு அப்படியே நின்றுபோயிருந்தது. தலையணையைச் சாய்த்துக் கொடுத்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "தம்பி, மாசிச் சீட்டு ஆருக்குப் போனது?" என்று தொடங்கினா. மிச்சம் மூன்று சீட்டு. ஒவ்வொருத்தரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, காசை எண்ணிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, கடைசிப் பக்கத்தில் கோடு கீறி முடித்தா. அதற்கு ஆறு நாள் எடுத்தது. அந்த 12 பேரும் அறைக்குள்ளே வந்தார்கள், கட்டிலில் இருந்தார்கள், சிரித்தார்கள். மோர்பின் தொடங்கிய பிறகு அக்கா 11 கிழமை இருந்தா. எங்களுக்கு ஞாபகம் இருக்கிற அக்கா அந்த 11 கிழமை அக்காதான்.

இதற்குப் பெயர் நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆஸ்பத்திரியில் பாலியேட்டிவ் கெயார் என்பார்கள். சாகப்போகிறவரைக் கைவிடும் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை நடக்கும்போதே இதையும் தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வைத்தியர்கள் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளர் 151 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு இந்தப் பராமரிப்பையும் ஆரம்பத்திலேயே பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. மற்றவர்களைவிட இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ் தாதியாக இருந்து, சமூகசேவை உத்தியோகத்தராகி, பிறகு படித்து வைத்தியரானவர். உடம்பு நோவு, மன நோவு, குடும்பக் கவலை, கடவுளோடு உள்ள வழக்கு, இவை எல்லாம் சேர்ந்த ஒரே வலிதான் நோயாளியின் வலி என்று அவர் விளக்கினார். அக்காவின் சீட்டுக் கொப்பியைப் பார்த்த எனக்கு அது உடனே விளங்கியது.

புற்றுநோய்க்கு மட்டும் உரியதும் இல்லை. சிறுநீரகம் பழுதானவர், இருதயம் களைத்தவர், பக்கவாதத்தில் விழுந்தவர், மூச்சு முட்டிக்கொண்டே இருக்கிறவர், மறதிநோய் வந்த முதியவர், பிறவி நோயோடு வளரும் பிள்ளை, எல்லாருக்கும் இது தேவை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வருஷத்துக்கு 5 கோடி 68 இலட்சம் பேருக்கு இந்தப் பராமரிப்பு தேவைப்படுகிறது. 100க்கு 14 பேருக்குத்தான் கிடைக்கிறது.

இதை ஏன் அமைச்சுக்கு எழுதாமல் எங்களுக்கு எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். அமைச்சுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. 2014இல் உலக சுகாதாரப் பேரவை, எல்லா நாடுகளும் இதைத் தங்கள் சுகாதார சேவையோடு சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் எடுத்தது. நம்முடைய சுகாதார அமைச்சும் 2019 முதல் 2023 வரைக்கான தேசிய மூலோபாயத் திட்டம் ஒன்றை வெளியிட்டது. மோர்பின் 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, தெருக்கடையில் விற்கிற சாமான் இல்லை, அது சரிதான். ஆனால் வெருகலிலோ ஈச்சிலம்பற்றிலோ படுத்திருக்கும் ஒருவருக்காக அந்த வீட்டு உழைப்பாளி ஒரு நாள் கூலியை விட்டு நகரத்துக்கு வந்து வரிசையில் நிற்கும் நிலை இருக்கக்கூடாது. கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளில் அது தடையில்லாமல் கிடைக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பார்க்கிற தாதியர் ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவிலும் வேண்டும். கர்ப்பிணித் தாயின் வீட்டுக்குக் குடும்பநல உத்தியோகத்தர் ஒழுங்கைக்கு ஒழுங்கை நடந்து வருகிற நாடு இது. ஒருவர் பிறக்க முன்பே வீட்டுக்கு ஆள் அனுப்பத் தெரிந்த அரசாங்கத்துக்கு, ஒருவர் இறக்க முன்பும் அனுப்பத் தெரியும். இதை மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் நாம் எல்லோரும் ஒன்றாகக் கையெழுத்திட்டுக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

ஆனால் தாதி வந்தாலும் ஒரு மணி நேரம்தான் இருப்பா. மிச்சம் 23 மணி நேரம் ஊரின் கையில்தான் இருக்கிறது.

கேரளத்தில் இதைத்தான் செய்தார்கள். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ராஜகோபால், சுரேஷ் குமார் என்ற வைத்தியர்களும் நண்பர்களும் 1993இல் சின்னதாக ஒரு வலி நிவாரணப் பிரிவைத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது அக்கம்பக்கத்து ஆட்கள் இறங்கினார்கள். வாத்திமார், பொடியன்கள், கடைக்காரர், வீட்டுப் பெண்கள். கொஞ்ச நாள் பயிற்சி எடுத்து, கிழமையில் சில மணி நேரம் ஒதுக்கி, சின்னச் சின்னத் தொகையாகக் காசு சேர்த்து, தாதியை வைத்து, வீடுவீடாகப் போனார்கள். மலப்புறம் போன மாவட்டங்களில் அது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான், 2008இல், மாநில அரசு கொள்கை எழுதியது, பஞ்சாயத்துகள் தாதியரை வைத்தன. ஊர் முதலில் நடந்தது, அரசு பின்னால் வந்தது.

அவர்கள் புதிதாகக் கட்ட வேண்டியிருந்த எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டுக்கு வீடு பெயர் எழுதிய பதிவேடு. மாதச் சந்தா. வங்கியில் நிலையான வைப்பு. கணக்கைக் கூட்டத்தில் வாசிக்கும் பழக்கம். நள்ளிரவில் எழும்பி வருகிற பொடியன்கள். ஒழுங்கையில் யார் படுக்கையில் கிடக்கிறார் என்பது நமக்கு எந்த ஆஸ்பத்திரியையும்விட நன்றாகத் தெரியும்.

உங்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. கதிரை அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு மடக்குக் கட்டில், ஒரு காற்று மெத்தை, ஒரு கொமட் கதிரை, ஒரு சக்கர நாற்காலி வையுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும், அதற்கு வீட்டில் ஒரு ஆள் போதாது. ஆகவே கிழமையில் இரண்டு ராத்திரி, ஆள் மாறி ஆள் போய் இருங்கள், வீட்டுக்காரர் நித்திரை கொள்ளட்டும். செத்தவீட்டில் விடிய விடிய முழித்திருக்கிறோம்தானே, அந்த முழிப்பில் ஒன்றை முன்னுக்கு எடுத்துக் கொடுங்கள். கிளினிக் நாளில் மருந்து எடுக்க ஒருவர் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்ப ஆட்டோ வேண்டும், அந்தக் காசைச் சங்கம் கொடுக்கட்டும். மூச்சு முட்டுகிறவருக்கு முகத்துக்கு நேரே சின்ன விசிறி பிடித்தாலே ஆறுதல் கிடைக்கும். வாய் காய்ந்தவருக்குப் பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டைத் துடைக்க வேண்டும். இப்படியான விஷயங்களைப் படிப்பிக்கச் சொல்லி உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். ஓய்வுபெற்ற தாதியர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களையும் தேடிப் பிடியுங்கள். எங்களுக்கு வந்த மாதிரித் தற்செயலாக வரவிடாதீர்கள்.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அழுதுகொண்டு போக வேண்டாம். இன்ன ஊரில் ஒரு வேர் மருந்து இருக்கிறதாம் என்று தொடங்க வேண்டாம். "டொக்டர் எத்தினை நாள் சொன்னவர்?" என்று கேட்கவே வேண்டாம். அந்த வீட்டில் பார்த்ததை வெளியில் பேச வேண்டாம். என்ன செய்ய வேண்டும் என்று நோயாளியையே கேளுங்கள். தலை வாரிவிடச் சொல்லுவார், பேப்பர் வாசிக்கச் சொல்லுவார், சும்மா இருக்கச் சொல்லுவார். சில வீடுகளில் நோய் என்னவென்று நோயாளிக்கே சொல்லாமல் வைத்திருப்பார்கள். அதில் நீங்கள் தலையிட வேண்டாம், ஆனால் பொய்யும் சொல்ல வேண்டாம். அக்காவுக்கு நாங்கள் சொல்லவே இல்லை. அவவுக்கு முதலிலிருந்தே தெரிந்திருந்தது.

இனி, உங்கள் மனதில் ஓடுகிற முக்கியமான மறுப்புக்கு வருகிறேன். எங்கள் நிர்வாகசபையில் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர் உடனே சொன்னார்: "மரணச் சங்கம் உயிரோட இருக்கிறவன்ர வீட்டுப் படி ஏறினா அவன் என்ன நினைப்பான்?" நியாயமான கேள்வி. எனக்கே அன்றைக்குப் பதில் வரவில்லை. இரண்டு மூன்று நாள் யோசித்தேன். சங்கத்தின் பெயரில் போக வேண்டாம். அயலவர் குழு என்று வேறு பெயர் வையுங்கள், பெண்களை முன்னுக்கு விடுங்கள், சாமான் கொடுக்கும் கொப்பியையும் தனியாக வையுங்கள். மரணக் கொடுப்பனவைப் பற்றி அந்த வாசலில் ஒரு சொல்லும் பேசக்கூடாது. அப்புறம், நோயாளியைப் பார்க்கப் போவது எங்கள் யாருக்கும் புதுப் பழக்கம் இல்லை. நோய் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு இன்னொரு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமை என்று கிண்ணியா நண்பர்கள் எனக்குச் சொன்னார்கள். பங்குச் சுவாமி வீட்டுக்கே நற்கருணை கொண்டுவருகிறார். நோயாளியைக் கவனிப்பவர் என்னைக் கவனிப்பவர் என்று புத்தர் பிக்குகளுக்குச் சொன்னதை ஒரு விகாரைத் தேரர் எடுத்துச் சொன்னார். கோணேசரிடம் போய்வருகிறவர்கள் திருநீற்றைக் காகிதத்தில் மடித்து நோயாளிக்கு என்று கொண்டுவருவது எங்கள் ஒழுங்கையில் இன்றைக்கும் உண்டு. வழி இருக்கிறது. அந்த வழியால் ஒரு காற்று மெத்தையையும் கொண்டு போவோம் என்பதுதான் என் கோரிக்கை.

2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவிலிருந்து நோயாளியைப் பாதை என்கிற மிதவைப் படகில் ஏற்றித்தான் நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். பாதை வரும்வரை கரையில் நின்றவர்கள் இன ஆள், சாதி ஆள் என்று பார்க்காமல் ஆளுக்கொரு மூலை பிடித்துத் தூக்கிவிட்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படித் தூக்கின ஊர்கள்தான் இவை.

எங்கள் சங்கத்தில் நாங்கள் தொடங்கிவிட்டோம். அக்காவுக்கு வாங்கிய காற்று மெத்தையையும் கொமட் கதிரையையும் 31ஆம் நாள் கழிய, நன்றாகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் வைத்து, களஞ்சிய அறைக்குக் கொண்டுபோனேன். ஒரு புதுக் கொப்பியில் முதல் இரண்டு வரியில் அவற்றை எழுதினேன். உங்கள் சங்கத்தில் யாராவது வந்து பார்க்க விரும்பினால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரலாம், கொப்பியையும் காட்டுகிறேன், செலவுக் கணக்கையும் காட்டுகிறேன்.

போன கிழமை அந்த மெத்தை மூன்றாவது வீட்டுக்குப் போனது. பக்கவாதத்தில் படுத்திருக்கும் ஒரு ஐயாவுக்கு. மருமகன்தான் மோட்டார் சைக்கிளில் வந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "எப்ப திருப்பித் தரவேணும் அண்ணை?" என்று கேட்டார்.

"அவசரமில்லை, இருக்கட்டும்" என்றேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
ஒரு மரண உதவிச் சங்கத்தின் பொருளாளர்,
உப்புவெளி, திருகோணமலை